பின்பால் மெஷினில் ஒரு பூமுடிச்சு

எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் மீனையும் வலையையும் தவிர வேறொன்றைப் பார்க்க ஊர் கூடியது என்றால், அது மாமா வீட்டுக்கு வந்த பழைய பின்பால் மெஷினைப் பார்க்கத்தான். கட்டில் நீளத்துக்குக் கண்ணாடி மூடிய பெட்டி, உள்ளே சாய்வான பலகை. இரும்புக் குண்டை மேலே அடித்துவிட்டால் குமிழ்களில் முட்டி, விளக்கெரிந்து, மணியடித்து உருண்டு வரும். கீழே விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டி அனுப்ப வேண்டும். அப்படித்தான் மாமா சொன்னார். வந்தபோது அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. துபாயில் விளையாட்டு மெஷின்களைப் பழுதுபார்க்கிற வேலை. கல்யாணம் முடித்த கையோடு போனவர், முதல் லீவில் வந்திருந்தார். கடற்கரை ஓட்டலில் வைக்க இந்த மெஷினை வாங்கியிருந்த ஐஸ் கம்பெனி முதலாளி அவரைப் பிடித்துக்கொண்டார். மாமாவும், “இத முடிச்சிட்டுத்தான் டிக்கெட்டு போடணும்” என்று துபாய்க்குச் சொல்லிவிட்டார். மெஷின் ஓடினால் மாமா கிளம்பிவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கோ அது எப்போது ஓடும் என்பதைத் தவிர வேறு கவலையே இல்லை.

பலகையில் வரைந்திருந்த சர்க்கஸ்காரிக்கு, குண்டு உருண்டு உருண்டு முகமே தேய்ந்துபோயிருந்தது. மாமா அழுக்கெடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் கண்ணும் மூக்கும் வரைந்தார். மாமி எட்டிப் பார்த்து, “ஏங்க, எம் மூஞ்சிய ஒரு நாளாவது இம்புட்டு நேரம் பாத்திருப்பீங்களா?” என்றார். மறுநாள் சர்க்கஸ்காரியின் கன்னத்தில் மாமியின் மச்சம் இருந்தது.

பலகையைத் தூக்கி நிறுத்தினால் அடியில் ஒரே ஒயர் காடு. இற்றுப்போனதைப் பிடுங்கி, புதிது போட்டு, ஈயம் வைத்தார் மாமா. அந்தக் காலத்தில் ஒயர்களைக் கொத்துக் கொத்தாக நூலால் கட்டியிருப்பார்களாம். அப்படியேதான் கட்டுவேன் என்று பிடிவாதம், ஆனால் கை வரவில்லை. “தள்ளுங்க அங்கிட்டு” என்று மாமி உட்கார்ந்து, மல்லிகைப்பூ கட்டுகிற அதே விரல்களால் சரசரவென்று கட்டித் தள்ளினார். எல்லா முடிச்சும் ஒரே அளவு.

விளக்குகள் எரிந்தன, மணியும் அடித்தது. இடது துடுப்பு மட்டும் அசையவே இல்லை. மாமா துடுப்பை இழுக்கிற கம்பிச்சுருளை மாற்றினார், சுவிட்சைத் தேய்த்தார், மீட்டரை வைத்து வைத்துத் தேடினார். ம்ஹூம். துபாயிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. “ஒரே ஒரு ஃபால்ட்டுதான் பாய், ஆப்புட மாட்டேங்குது” என்பார் மாமா.

நான் சும்மா இருப்பேனா? ஒரு மத்தியானம் பலகைக்கு அடியில் தலையை விட்டு ஒவ்வொரு முடிச்சாகத் தடவினேன். ஒன்று மட்டும் தடிப்பாக இருந்தது. நூலை நெகிழ்த்தினால், உள்ளே மஞ்சள் ஒயர் இரண்டு துண்டாக வெட்டிக் கிடந்தது.

“மாமோவ், புடிச்சிட்டேன்!”

மாமா குனிந்து பார்த்தார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு ஒயரைச் சேர்க்காமலே, அதன்மேல் நூலைச் சுற்றி, தானே ஒரு முடிச்சைப் போட்டார். “ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன் புள்ள. மாமிகிட்ட வாயத் தொறக்கப்படாது.”

அப்புறம் மீட்டரை எடுத்துக்கொண்டு வலது பக்கம் தேட ஆரம்பித்தார். கிடைத்த பிறகும் தேடுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

வராவிட்டால் வேலை இல்லை என்று துபாய்க்காரர் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். மாமா போய்விட்டார்.

மறுநாளே மாமி பலகையைத் தூக்கினார். “ஒங்க மாமாவுக்கு வேல தெரியலன்னு பேரு வந்துரக் கூடாது” என்றபடி, நேராக அந்த முடிச்சுக்குக் கையைக் கொண்டுபோனார். கை அப்படியே நின்றது. பூவைக் கட்டினால் எல்லாம் உதிர்ந்துவிடும், அப்படியொரு கோணல் முடிச்சு.

“இது நான் போட்டது இல்லியே?”

“மாமா போட்டது” என்றேன். ஐஸ்கிரீம்தான் எப்போதோ தின்று முடித்தாயிற்றே.

மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முடிச்சு சரியாக வராததற்குப் போய் இப்படியா அழுவார்கள்?

“அழுவாதீங்க மாமி, அடுத்த லீவுல நீங்களே மாமாவுக்குச் சொல்லிக் குடுத்துருங்க” என்று தேற்றினேன்.

மாமி இன்னும் பலமாக அழுதார்.