பம்பரத்தின் விமானமும் மனைவியின் மேசையும்

லிப்ட் பழுது பார்க்கும் அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் பம்பரம். வாரம் முழுக்க மேலும் கீழுமாகப் போய் வருகிற மனிதர், ஞாயிறானால் மைதானத்தில் நின்ற இடத்திலேயே சுற்றுவார். கையில் ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள். அவற்றின் முனையில், எஞ்சின் அலற, ஒரு சின்ன விமானம். பிடியை அசைத்தால் அது ஏறும், இறங்கும். அதை யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஏழெட்டுச் சுற்று ஜோராகப் பறக்கும். அப்புறம் மூக்குக் குப்புற விழும். உடைந்ததை அள்ளி வந்து, தையல் வேலை செய்யும் மனைவியின் துணி வெட்டும் மேசையில் பரப்புவார். ஒட்டுவதோடு விட்டாரா? ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார். விமானமும் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக விழுந்தது.

தைத்து முடித்த வெள்ளைக் கவுனில் பசை ஒட்டிய அன்று மனைவிக்குப் பொறுமை போயிற்று.

"இதான் கடைசி. இன்னொரு தடவை உடைஞ்சு வந்தா இந்த மேசைப் பக்கமே வரக் கூடாது, ஆமா."

அந்த வீட்டில் இன்னொரு மேசை போட இடமே கிடையாது.

"இறக்கையிலதான் ஏதோ கோளாறு" என்று முனகினார்.

"எங்க, விமானம் இல்லாம சுத்திக் காட்டுங்க."

நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, மைதானத்தில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றினார். எட்டாவது சுற்றில் பீரோவில் போய் மோதினார்.

"விமானம் எங்க விழுது? நீங்கதான் விழறீங்க!" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கம்பியை நீளமாக்குங்க. அது பெரிய வட்டம் போடும், நீங்க மெதுவா சுத்தினாப் போதும்."

"நீளமானா கம்பி தொய்ஞ்சிடும். அப்புறம் என் பேச்சையே கேக்காது."

அவள் தையல் டப்பாவைக் கிளறி, திரைச்சீலை ஓரத்தில் வைத்துத் தைக்கும் சிறு ஈயக் குண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "திரை தொய்யாம இருக்க நாங்க இதைத்தான் வைப்போம்."

வெளிப்பக்க இறக்கையின் நுனியில் அதைப் பதித்தார். வட்டத்தை விட்டு வெளியே இழுக்கும்படி வால் துடுப்பையும் சற்றுத் திருப்பி ஒட்டினார். பத்து மீட்டர் கம்பி பதினெட்டானது.

ஞாயிற்றுக்கிழமை அவளும் மைதானத்துக்கு வந்தாள். எட்டாவது சுற்றில் இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பி விறைப்பாகவே நின்றது. பத்து, இருபது, முப்பது! எரிபொருள் தீர்ந்து, விமானம் புல்லில் சக்கரம் பதித்து ஓடி நின்றது. பம்பரமும் ஆடாமல் நின்றார்.

மறுநாள் காலை மேசையின் குறுக்கே தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது.

"அந்தப் பக்கம் உங்களுது. பசை டப்பா கோட்டைத் தாண்டுச்சு, தொலைஞ்சீங்க."

அவள் அடுப்படிக்குப் போனதும் அவர் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். அவர் பக்கம்தான் நாலு விரற்கடை அதிகமாக இருந்தது. அளவில் ஒரு நூல்கூடப் பிசகாதவள் அவள்.