என்ஜின் மூடியில் நெயில் பாலிஷ்

போன மாதம் எங்கள் காரின் என்ஜின் மேல்மூடியைக் கழற்றி, உறையூரில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்தேன். கார் ரொம்பப் பழசு. மூடியில் பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. ஓரத்தில் ஆயில் ஒழுகல் வேறு. அந்த மாடலையே நிறுத்திவிட்டதால் புது மூடி கிடைக்காது. இது போனால் கார் போச்சு... மனைவி தினமும் ஜீயபுரம் ஸ்கூலுக்கு பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான்.

பட்டறைக்குள் நுழைந்ததுமே கண்ணில் பட்டது. அச்சு அசலாக அதே போல இன்னொரு மூடி! அதன் சொந்தக்காரரும் நின்றிருந்தார். திருவானைக்காவலில் மருந்துக்கடை வைத்திருப்பவராம். என்னைப் பார்த்தார். என் மூடியைப் பார்த்தார். பார்வையே சரியில்லை.

நான் மட்டும் லேசுப்பட்டவனா? வீட்டிலேயே மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து, மூடியின் ஓரத்தில் ரகசியமாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். மாற்றிப் பார்க்கட்டுமே!

அடுத்த வாரம் வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார். மேஜையில் இரண்டு மூடிகள். இரண்டும் கறுப்பு, இரண்டும் பளபள. புள்ளியைத் தேடினேன்... காணோம்.

"என்னங்க, மாத்திட்டீங்களா?" என்று எகிறினேன். புள்ளி விவகாரத்தையும் சொன்னேன்.

பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழைய பெயிண்ட்டை மருந்துல ஊறப்போட்டு, மணல் அடிச்சு, சுத்தமா உரிச்சிட்டுத்தான் சார் பவுடர் அடிச்சு ஓவன்ல வைக்கிறோம். பெயிண்ட்டே போயிடுது, நெயில் பாலிஷ் மட்டும் நிக்குமா?"

"ஐயையோ, நான் மார்க்கர்ல இனிஷியல் போட்டிருந்தேனே!" என்று மருந்துக்கடைக்காரர் அலறினார்.

"இது உங்களுது, அது அவரோடது. சந்தேகமா இருந்தா ரெண்டு பேரும் மாத்திக்குங்க" என்றார் பட்டறைக்காரர்.

மாற்றிக்கொள்ளச் சொல்வதிலேயே ஏதோ சூது இருக்கிறதே? இருவரும் அவரவர் மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டோம். போன் நம்பரை மட்டும் பரிமாறிக்கொண்டோம் — நட்புக்காக அல்ல, கண்காணிப்புக்காக!

"பாத்திரத்துக்கே அடியில பேர் வெட்டி வெக்கிறோம். இதுக்குப் போய் நெயில் பாலிஷா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

மெக்கானிக் மூடியை மாட்டினார். அன்றிலிருந்து தினமும் காருக்கு அடியில் நியூஸ்பேப்பரை விரித்து, காலையில் குனிந்து பார்க்கிறேன். ஒரு சொட்டு ஆயில் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் மூடிதான் ஒழுகுமே!

"மூடிக்கு அடியில புது கேஸ்கெட் ரப்பர் போட்டாங்கல்ல, அதான் ஒழுகல் நின்னிருக்கும்" என்கிறார் மனைவி. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்...

நேற்று மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

"சார், என் மூடி இத்தனை வருஷமா ஒழுகினதே இல்ல. இப்ப ஒழுகுது. பட்டறையில மாத்திட்டாங்கன்னு தோணுது. உங்களோடது எப்படி இருக்கு?"

யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்று ஆயுள் முழுக்கப் பயந்தவன் நான். ஏமாற்றம் அடுத்தவருக்கும் லாபம் எனக்கும் வந்தால் என்ன செய்வது என்று யோசித்ததே இல்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் சொன்னதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சேச்சே! அவங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்ல சார். மனுஷனை மனுஷன் நம்பணும்!"