சுண்டு என்று கூப்பிட

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி திருச்செந்தூர் போய்விட்டு வந்து ஒரு ஓலைக் கொட்டான் சில்லுக்கருப்பட்டி கொடுத்தார். பிரித்ததும் சுக்கு வாசனை. ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். பேத்திக்குப் பெயர் முடிவாகிவிட்டதாம்.

"காந்திமதி. ஆச்சி பேருதாம்பா. வீட்டுக்கு ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ரெண்டு பேரெல்லாம் கிடையாது. பிள்ளைக்குக் குழப்பம்."

ஆச்சி என்றால் என் அம்மா. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த நிமிஷமே மகள், அழுதுகொண்டிருந்த பிள்ளை பக்கம் திரும்பி, "ஏட்டி காந்திமதி, வாயை மூடுதியா இல்லையா?" என்று ஒரு அதட்டு அதட்டினாள். எனக்குப் பகீரென்றது. எங்கள் வீட்டில் அம்மாவை அப்படி அதட்டிய ஆள் கிடையாது. அப்பாவே அவளை "இங்க பாரு" என்றுதான் கூப்பிடுவார்.

பெயர் விஷயத்தில் அம்மா பட்ட பாடு பெரிய பாடு. எனக்கு வைத்தது தாத்தாவின் பெயர், சங்கரலிங்கம். தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது எங்கள் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்தான். இரண்டையும் ஏற்படுத்திய பெரியவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கலந்து பேசியிருக்கலாம். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்ல முடியாத அம்மா, பிறந்தபோது நான் இருந்த அளவைப் பார்த்து, சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்தாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பு என்னைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து நாங்கள் மூன்று பேர் மட்டும். தாத்தா வரவில்லை. கூட்டத்தில் கையை விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் பயமில்லை. ஒரு கருப்பட்டிக் கடை முன்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். கடைக்கார அம்மாள் ஒரு சில்லுக் கொடுத்தாள். பிள்ளையைத் தொலைத்தவர்கள்தான் மைக் வைத்திருந்த இடத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை பேரென்னம்மா?"

"சுண்டு."

"வீட்டுப் பேரு வேண்டாம்மா. பள்ளிக்கூடத்துல என்ன பேரு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு மட்டும் அது யார் பெயராம்? பெற்ற தகப்பனைப் பெயர் சொல்வது கூச்சமாகத்தான் இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாராம்.

"ஆழ்வார்குறிச்சி சங்கரலிங்கம் எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று மைக் முழங்கியது. அதுவரை சமர்த்தாக இருந்த நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"ஏன்யா அழுத?" என்றாள் கடைக்கார அம்மாள்.

"எங்க தாத்தாவைக் காணோமாம்! மைக்குல சொல்லுதாங்க!"

தாத்தா ஊரில் பத்திரமாக இருக்கிறார் என்பதெல்லாம் அப்போது எங்கே ஞாபகம் வந்தது? சங்கரலிங்கம் என்றால் தாத்தா. நான் சுண்டு. கடையை ஒட்டிக் கூட்டத்துக்குள் புகுந்து, வெள்ளை வேட்டி கட்டிய கிழவர்களின் முகத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துத் தேடத் தொடங்கிவிட்டேன். தொலைந்தது அப்போதுதான். மைக் திரும்பத் திரும்பத் தாத்தாவைக் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கலக்கம் கூடியது.

அப்புறம் திடீரென்று அதே மைக்கில் அம்மா குரல். நாலு பேர் முன்னால் குரல் உயர்த்தாதவள்.

"ஏலே சுண்டு! எங்கல இருக்க? அம்மா இங்கன நிக்கேன், வாலே!"

கோபுரம் வரை கேட்டிருக்கும். குரல் வந்த பக்கம் ஓடினேன். முதுகில் ரெண்டு போட்டு, இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "தாத்தாவைக் காணோமாம்மா" என்று நான் சொன்னதும் அப்படியே சிரித்தாள், அழுகையோடு.

தாத்தா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆன பிறகும், நான் வேலைக்குப் போன பிறகும், தலை நரைத்த பிறகும், அம்மாவுக்கு நான் சுண்டுதான். என் பெயரைக் கடைசிவரை அவள் வாயால் நான் கேட்கவில்லை. அவள் போய் இது இரண்டாவது வருஷம்.

மகள் பிள்ளையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கப்பா."

வாயைத் திறந்தேன். வரவில்லை. அம்மாவை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

மகள் முகம் சுருங்கியது. "உங்களுக்குப் பிடிக்கும்னுதானப்பா வச்சேன்."

"பிடிச்சிருக்கும்மா, ரொம்ப" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். கையகலம்தான் இருந்தாள்.

"சுண்டு" என்றேன்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "அது உங்க பேருல்லா?" என்றாள் மகள். "இனிமே அவ வச்சுக்கிடட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தச் சொல் காதில் விழுந்ததும் "என்னம்மா" என்ற பதில் எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அம்மாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன், அதுவும் என் குரலில்.