தீர்ப்புக்கு முன் இறைத்த தண்ணீர்

நீதவான் கோட்டில் என் வழக்குக்கு முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து விடியவே போய் நின்றேன். மத்தியானம்வரை என் பெயர் வரவில்லை. வந்ததும் கூண்டில் ஏறினேன். "குற்றவாளியோ, சுற்றவாளியோ?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவன். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் ஊரில் பலரும் எனக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் முன்வரிசை வாங்கில், கையில் கட்டுப் போட்டபடி அண்ணை இருந்தார். "குற்றவாளி" என்றேன்.

அண்ணை என்றால் என் பெரியப்பாவின் மகன். சண்டிலிப்பாயில் எங்கள் இரண்டு தோட்டங்களுக்கும் ஒரே பங்குக் கிணறு. ஒருநாள் அவர் இறைப்பார், மறுநாள் நான். அன்று அவருடைய முறை. என் புகையிலை வாடுகிறதென்று, அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து வாய்க்காலை என் பக்கம் திருப்பிவிட்டேன். திரும்பி வந்து நியாயம் கேட்டவரை மண்வெட்டிப் பிடியால் அடித்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். நானும் அதைப் பெரிய பெருமையாக வைத்துக்கொண்டு திரிந்தவன்தான்.

குற்றத்தை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே தண்டனையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. என்னைப் பற்றி விசாரித்து அறிக்கை தரும்படி நன்னடத்தை அதிகாரிக்கு உத்தரவிட்டு, நீதவான் வழக்கை இன்னொரு நாளுக்குத் தவணை போட்டார். எனக்காகக் கோட்டில் பேசிய பிறக்கிராசியார் என்னை வெளியே மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எலும்பு முறிஞ்ச வழக்கு. மறியலுக்குப் போடவும் கூடும். அடுத்த தவணைக்கு வெள்ளை வேட்டியோடை வாரும். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். அதிகாரி ஊருக்கு வந்து அயலிலை விசாரிப்பார். அதுக்கிடையிலை வேறை கொழுவல், சண்டை ஒண்டும் வேண்டாம்."

என் பிள்ளைகள் இரண்டும் சின்னன். நான் மறியலுக்குப் போய்ச் சிறையில் கிடந்தால் வீடும் தோட்டமும் அவ்வளவுதான்.

அண்ணையின் பாடு அதைவிட மோசம். ஒற்றைக் கையால் மண்வெட்டி பிடித்துப் பாத்திக்குப் பாத்தி வாய்க்காலைத் திறந்து மூடித் தண்ணீர் மாற முடியாது. அவருடைய முறையன்று அவர் மனைவி தனியே வாய்க்காலோடு மாரடிப்பதைக் கண்டேன். மனம் பொறுக்கவில்லை. இறங்கி மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். அண்ணை வரம்பில் நின்று பார்த்தார். ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு அவருடைய ஒவ்வொரு முறைக்கும் போனேன்.

இதைப் பிறக்கிராசியாரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இது நல்ல விஷயமெல்லோ! விடாமல் இறையும். அதிகாரி வாற நேரம் தோட்டத்திலை நில்லும்."

அன்றிலிருந்து, தண்ணீர் மாறும்போதெல்லாம் ரோட்டில் அதிகாரியின் சைக்கிள் மணி கேட்கிறதா என்று காது கொடுக்கத் தொடங்கினேன். அண்ணையின் புகையிலைக்கு இறைக்கிறேனா, நீதவானுக்கு இறைக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒருநாள் அதிகாரி வந்தார், சேற்றுக் காலோடு நின்ற என்னைப் பார்த்தார், அண்ணையோடு நெடுநேரம் கதைத்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு நாளன்று காலையில் மனைவி ஒரு சாரத்தையும் துவாயையும் பையில் வைத்துத் தந்தாள். திரும்பி வராவிட்டால் மறியலில் மாற்றி உடுப்பதற்கு. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

நீதவான் அறிக்கையை வாசித்து முடித்ததும், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அண்ணையைக் கேட்டார்.

"ஓம் ஐயா. என்ரை கையை முறிச்சவன் உவன்தான். என்ரை தோட்டத்தைக் காப்பாத்தினவனும் உவன்தான். மறியலுக்கு அனுப்ப வேண்டாம்."

கடுமையாக எச்சரித்து, என்னை நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். வெளியே வந்து அண்ணையின் காலில் விழ நினைத்தேன். சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். விழவில்லை.

மறுநாள் அவருடைய முறை. வழக்குத் தொடங்கியபின் முதல்தடவையாக, அடித்துப்போட்டது போலத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடும் சத்தம் கேட்டது. முகம்கூடக் கழுவாமல் ஓடினேன். அண்ணை முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி, மற்றக் கையால் மண்வெட்டியை இழுத்து இழுத்து மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார்.

"தாங்கோ அண்ணை. அயர்ந்துபோனன்" என்று கையை நீட்டினேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்:

"நீ ஏன்ரா வந்தனி? வழக்குத்தான் முடிஞ்சுதே."