இடது இமையில் ஒரு சிவப்பு

அப்பா செத்துப் பதினோரு மாதம் கழித்து அண்ணனுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாவது வாரம் அதன் இடது கண் இமையில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. அன்றோடு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புத்தி கெட்டது.

"அவுகதான். தீப்பட்ட எடத்தோட வந்துருக்காக," என்றாள் அம்மா.

பிள்ளைக்கு அப்பா பெயரையே வைத்தார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் பேரனை எப்படிக் கூப்பிடுவாள்? தொட்டிலைப் பார்த்து, "ஏங்க, வயிறு நெறஞ்சுச்சா? தூங்குறீகளா?" என்பாள். அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் நாளெல்லாம் மருந்து கலந்துவிட்டு வரும்போது, தட்டைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குள் போனவள் இவள்தான். மரியாதை கிடைக்க அந்த மனுஷன் வெடித்துச் சாக வேண்டியிருந்தது.

பிள்ளை தும்மினால் அப்பா. கொட்டாவி விட்டால் அப்பா. இடது கையால் கிலுகிலுப்பையைப் பிடித்தபோது அண்ணன் அழுதே விட்டான். அப்பா வலது கைக்காரர்.

கம்பெனி முதலாளி பழத்தட்டோடு வந்தார். இமையைப் பார்த்துக் கும்பிட்டார். "போனவரு வந்துட்டாருல்ல தாயி, இனிமே என்ன கொற?" என்றார். ஆள்தான் திரும்பி வந்தாயிற்றே, ஷெட் ஏன் வெடித்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? மறுபிறவி யாருக்கு உதவுகிறதோ இல்லையோ, அவருக்கு உதவியது. காரில் ஏறும்போது சிரித்துக்கொண்டே போனார்.

நான்காம் மாதம் சிவப்பு கோவைப்பழம் போலப் புடைத்தது. இமை பாதிதான் திறந்தது. நான் விருதுநகரில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்ததும், பட்டம் வாங்கியதும் நான் ஒருத்திதான். போனில் எடுத்த படத்தைக் கண் டாக்டரிடம் காட்டினேன். இது ரத்தக்குழாய்க் கட்டி, வாயில் கொடுக்கும் சொட்டு மருந்தில் சுருங்கும், விட்டால் மூடிய கண் பார்க்கவே பழகாது என்றார்.

எங்கள் ஊர் ஆமத்தூருக்கு வந்து சொன்னேன்.

"அப்பா அடையாளத்த அழிக்கச் சொல்லுதியா?" என்று அண்ணன் எகிறினான். மதினி பிள்ளையை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளைப் பேசவிட அந்த வீட்டில் ஆளில்லை.

"ஒனக்கு நாங்கன்னா எளக்காரம்ட்டி. நாலு எழுத்து படிச்சிட்டேல்ல," என்றாள் அம்மா.

"ஆமா, எளக்காரந்தான். இடது கண்ணுல தீப்பட்டுச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதான சொன்ன!"

நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட, படித்த பிள்ளை என்று என்னைத்தான் அனுப்பினார்கள். உடம்பை முழுக்கச் சுற்றித்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி அம்மா கதறியபோது, முகம் நல்லாத்தான் இருக்கு, இடது கண்ணுப் பக்கம் லேசாப் பட்டிருக்கு, அவ்வளவுதான் என்றேன். வாயில் வந்தது இடது. வலது என்று வந்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

"பொய் சொன்னேம்மா. தீப்படாத எடமே இல்ல. இடுப்பு வெள்ளி அரணாக்கொடியப் பாத்துத்தான் அப்பான்னு சொன்னேன். அடையாளத்தோட பொறந்திருந்தா இவன் ஒடம்பு பூரா செவப்பால்ல இருக்கணும்?"

அண்ணன் வாசலுக்குப் போய்விட்டான். அம்மா மதினியிடமிருந்து பிள்ளையை வாங்கி, இமையைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினாள். சிவப்பு வெளுத்து, விரலை எடுத்ததும் மறுபடி வந்தது.

"அப்ப மொகம்?"

"இல்லம்மா."

"படிச்ச புள்ளன்னு ஒன்னய நம்பி அனுப்புனேன்," என்றாள். எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். எதற்கும் தலை குனிந்ததில்லை. அன்று குனிந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மதினியோடு அம்மாவும் ஏறினாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். இப்போது வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும் அவள்தான். இமை முக்கால்வாசி திறந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு திமிறியது.

"கசக்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க," என்றாள் அம்மா.

"இன்னுமா?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பாமல் அடுத்த சொட்டை விட்டாள்.