பார்வை: தங்கள் வாய்மொழி உத்தரவு

நகராட்சி அலுவலகத்தின் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. அறை என்று சொன்னால் அந்தக் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரியே சிரிப்பார். துடைப்பமும் வாளியும் வைக்க விட்ட இடம் அது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். இங்கே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து மனு அடித்துக் கொடுக்கிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் மனுக்காரம்மா.

அவருடைய கணவருக்கும் இதே கட்டடத்தில்தான் வேலை, லிஃப்ட் ஓட்டுவது. லிஃப்ட் நின்று நாலு வருடம் ஆகிறது, அவர் நிற்கவில்லை. தினமும் ஒன்பதரைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓடாத லிஃப்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "லிஃப்ட் ஓடாதுங்க" என்று சொல்வார். அதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

மனுக்காரம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மனுவுக்குப் பதில் வரவில்லையென்றால் மனுவில்தான் ஏதோ குறை என்பது அது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எவரும் எழுதிவிடுவார்கள். 'பார்வை' என்று ஒரு வரி வரும். இதற்கு முன்னால் என்ன மனு கொடுத்தோம், யார் என்ன சொன்னார், எந்தத் தேதி என்று குறிக்கிற வரி. அதில்தான் மனுவின் உயிரே இருக்கிறது என்பார். யாராவது ஸ்டூலில் உட்கார்ந்து, "போன மனுவுக்கு ஒண்ணும் நடக்கலையேம்மா" என்று அலுத்துக்கொண்டால், அந்த நகலை வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். கடைசியில் எதையாவது கண்டுபிடித்தும் விடுவார். "இதோ பாருங்க, பார்வையில தேதி விட்டுப்போச்சு. என் தப்புதான். இந்தத் தடவை காசு வேண்டாம்" என்று மறுபடி அடித்துக் கொடுப்பார். குடிநீர் வராத தெருவுக்கு வராமலே போனதற்கு, இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் பழியை ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் நோட்டீஸ் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். இனிமேல் மனுக்கள் காகிதத்தில் வாங்கப்படாது, எல்லாம் செயலி வழியாகத்தான். அந்தச் செயலி ஒரு ரகசிய எண் அனுப்பும். அதை ஐந்து நிமிடத்துக்குள் தட்ட வேண்டும். எண் ஆறாவது நிமிடத்தில் வரும். ஒரே மாதத்தில் ஸ்டூல் காலியானது. மனுக்காரம்மா பிரிண்டரைத் துடைப்பார், கம்ப்யூட்டரைத் துடைப்பார், பிறகு மறுபடி பிரிண்டரைத் துடைப்பார்.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இப்ப யாரும்மா மனு குடுக்கறா? எல்லாரும் ஃபேஸ்புக்ல கிழி கிழின்னு கிழிக்கறாங்க. நீயும் போடு."

"எதுக்குடி கிழிக்கணும்? கேட்டா போதாதா?"

மகள் சில பதிவுகளைக் காட்டினாள். நகராட்சியின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருந்தார்கள். சிலதைப் படித்துவிட்டு மனுக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டார், கண்ணால் படித்ததற்கு. பிறகு நிதானமாகச் சொன்னார்:

"இதுல பெறுநரே இல்லையேடி. இது யாருக்குப் போய்ச் சேரும்?"

ஆனாலும் மகள் 'மனு அறை' என்று ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தெருவிளக்கு எரியவில்லை, இருட்டில் பள்ளத்தில் காலை விட்டு ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். "தங்கச்சி, அவனுங்க கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகன்னு போடு" என்றார். மனுக்காரம்மா தலையை ஆட்டிக்கொண்டே தன் வழியில் அடித்தார்:

"உயர்திரு ஆணையர் அவர்களுக்கு. பொருள்: தெருவிளக்கு எரியாமை தொடர்பாக. பார்வை: என் மனுக்கள் பதினொன்று, தேதிகள் கீழே. ஐயா, வணக்கம். 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது, தெருவில் போதிய வெளிச்சம் உள்ளது' என்ற தங்கள் பதில் கிடைக்கப்பெற்றேன். ஆய்வுக்கு வந்த அலுவலர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்ததால், வெளிச்சம் இருந்ததை நானும் கண்டேன். அவர் இருட்டிய பிறகும் ஒருமுறை வருகை புரிந்தால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன். அவர் விழுந்துவிடாமல் நானே கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

மறுநாள் பார்த்தால் பன்னிரண்டாயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். 'வயிறு வலிக்குது', 'வாழைப்பழத்துல ஊசி', 'யாருய்யா இந்த அட்மின், காலைக் காட்டுங்க' என்று கீழே ஒரு திருவிழாவே நடந்தது.

மனுக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன்டி சிரிக்கறாங்க? பாவம் அந்த அண்ணன், ஒரு மாசம் எந்திரிக்க முடியாம கெடந்தாரு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

மகள் அம்மாவை உற்றுப் பார்த்தாள். அம்மா விளையாடவில்லை. அந்த அலுவலர் இருட்டில் விழுந்துவிடக்கூடாதே என்று உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் எழுதியிருக்கிறாள். இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல், "உன் எழுத்து பிடிச்சிருக்கும்மா, அதான்" என்று சமாளித்தாள்.

மூன்றாம் நாள் தெருவிளக்கு எரிந்தது. "பார்வை சரியாப் போட்டா வேலை நடக்கும்னு நான் சொல்லல?" என்றார் மனுக்காரம்மா. சிரித்தவர்களை அன்றே மன்னித்துவிட்டார்.

அப்புறம் ஸ்டூலுக்கு வரிசை நின்றது. வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி கொட்டுவார்கள். 'அவன் வீட்டுக்குழாய்லயும் சாக்கடை வரணும்' என்றால், மனுவில் 'எங்கள் குழாய் நீரைத் தாங்களும் ஒரு குவளை அருந்திப் பார்த்து, தரம் குறித்து வழிகாட்ட வேண்டுகிறேன்' என்று இறங்கும். ஊரே சிரித்தது. குழாய்கள் ஒவ்வொன்றாகச் சரியாகின. தன் மனுவில் இருந்த குறை இத்தனை வருடம் கழித்துத் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மனுக்காரம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதி ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி வரைதான். ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் பதிவுகளை அச்செடுத்து அடுக்கி வைத்திருந்தார். அத்தனை தாளும் தன் அறையில் அச்சாகாததில் மனுக்காரம்மாவுக்குச் சின்ன வருத்தம்.

"என்னம்மா, நக்கலா?"

"ஐயா?"

"எங்களப் பார்த்தா உங்களுக்கு நக்கலா இருக்கான்னு கேக்கறேன்."

"ஐயா, ஒரு இடத்துலகூட மரியாதைக் குறைவா எழுதலையே."

"அதான் பிரச்சினையே!" ஆணையர் மேசையைத் தட்டினார். "தினம் ஆயிரம் பேர் கெட்ட வார்த்தையில திட்டறான். நாங்க கண்டுக்கறோமா? அவன் திட்டினா அவன் பேருதான் கெடும். நீங்க மரியாதை மரியாதைன்னு எழுதி எங்க மானத்தை வாங்கறீங்க. திங்கக்கிழமைக்குள்ள அதே பக்கத்துல மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா இதுல கையெழுத்துப் போட்டுடுவேன்."

ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். மாடிப்படி அறை அலுவலகப் பயன்பாட்டுக்குத் தேவைப்படுவதால் உடனே காலி செய்யவேண்டும் என்று அதில் இருந்தது. அறைக்கான அனுமதி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வருடா வருடம் புதுப்பிப்பவர் ஆணையர்தான்.

மனுக்காரம்மா கீழே வந்து பிரிண்டரைத் துடைத்தார். அந்த அறை போனால் வேறு எங்கே போய் உட்காருவது? கடைத்தெருவில் வாடகைக்குப் பிடிக்க வசதியில்லை. அதைவிட, மனு எழுதாமல் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்றே அவருக்குத் தெரியாது.

"நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார் கணவர். "நாலு வருஷமா நான் வாயத் திறக்காம உக்காந்திருக்கேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"அதென்ன வாயத் திறக்காம? லிஃப்ட் ஓடாதுன்னு தினம் சொல்றீங்களே."

"அது டியூட்டி."

மூன்று நாள் உட்கார்ந்து மன்னிப்பு மனுவை எழுதினார். நாலு தடவை கிழித்துப் போட்டார். மனதார மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். செய்த குற்றத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். பார்வை விட்டுப்போகவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் கடையில் இருந்த நேரத்தில், தானே பதிவேற்றினார்:

"பொருள்: மரியாதையாக எழுதியதற்கு மன்னிப்புக் கோருதல். பார்வை: 1. தங்கள் வாய்மொழி உத்தரவு, வியாழன், காலை 11 மணி. 2. மாடிப்படி அறையைக் காலி செய்யும்படி எழுதி, கையெழுத்திடாமல் தாங்கள் காட்டிய கடிதம். ஐயா, வணக்கம். கெட்ட வார்த்தைகளில் திட்டுவோரைத் தாங்கள் கண்டுகொள்வதில்லை என்றும், மரியாதையாக எழுதுவதே தங்கள் மானத்தைப் பாதிக்கிறது என்றும் பார்வை ஒன்றில் தெரிவித்தீர்கள். இதை இத்தனை வருடம் அறியாமல் தங்களுக்கு மரியாதை அளித்துவந்தது என் பிழையே. இனி அவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன்."

மகள் ஓடி வருவதற்குள் நாற்பதாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். ஊர் தாண்டி, மாவட்டம் தாண்டிப் போய்விட்டது. தொலைக்காட்சியில் ஒருவர் அதை ராகம் போட்டு வாசித்தார். "அம்மா, பார்வையில அவர் மிரட்டினதையே போட்டுட்டியேம்மா!" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மிரட்டலயா போட்டேன்? தேதியும் நேரமும்தானே போட்டேன். மன்னிப்பு கேட்டிருக்கேன், இதுக்கும் சிரிக்கறாங்களே" என்று மனுக்காரம்மா அழுதார். நாற்பதாயிரம் பேரில் அவர் அழுவார் என்று நினைத்தவர் எவருமில்லை. ஆளுக்கொரு சிரிப்பைத் தட்டிவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்த திருப்தியோடு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

திங்கட்கிழமை யாரும் வந்து அறையைப் பூட்டவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கட்டடமே காலியாக இருந்தபோது, ஆணையர் தானே இறங்கி வந்தார். உள்ளே வரும்போது படிக்கட்டின் அடிப்பாகம் நெற்றியில் நங்கென்று இடித்தது. தேய்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மேலிடத்துல இருந்து விளக்கம் கேட்டிருக்காங்க. நாளைக்குள்ள அனுப்பணும்."

மனுக்காரம்மா எழுந்து நின்றார். "ஐயா, நான் வேணும்னு..."

"உக்காருங்கம்மா. நீங்கதான் அடிச்சுக் குடுக்கணும். ஆபீஸ்ல யார்கிட்ட குடுத்தாலும் பத்து நிமிஷத்துல போட்டோ எடுத்துப் போட்டுடுவான். போடச் சொன்னாத்தான் நீங்க போடுவீங்க, மத்தது உங்ககிட்ட இருந்து வெளிய போகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் எவரானாலும் வாடிக்கையாளர்தான். கை தானாகவே விசைப்பலகைக்குப் போயிற்று. பெறுநர் முகவரியை அடித்து முடித்துவிட்டு, இத்தனை நாளாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. இருபத்திரெண்டு வருஷமா நான் இதே மாதிரிதான் எழுதறேன். ஒரு எழுத்து மாத்தல. இப்ப வந்த கோவம் அப்பல்லாம் ஏன் யாருக்கும் வரல?"

ஆணையர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். களைத்திருந்தார், அதனால் உண்மை வந்துவிட்டது.

"அப்ப யாரும்மா படிச்சா? வர்ற மனுவுக்கு நம்பர் போட்டுக் கட்டி வைக்கறதுதான். இதைப் படிச்சிருந்தா அப்பவே சிரிச்சிருப்போமே."

மனுக்காரம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. விட்டுப்போன தேதிகள் ஞாபகம் வந்தன. 'என் தப்புதான்' என்று சொல்லிக் காசு வாங்காமல் திருப்பி அடித்த மனுக்கள் ஞாபகம் வந்தன. பத்து வருடமாகத் தண்ணீர் கேட்டு, ஒரு நாள் வராமலே போய்விட்ட ஒரு பெரியவரின் மனுவில், எந்தச் சொல் சரியில்லையோ என்று ராத்திரியெல்லாம் புரண்டது ஞாபகம் வந்தது. எல்லாச் சொல்லும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. முதலில் அழுகை வரும்போல இருந்தது. ஆனால் வந்தது கோபம். இத்தனை வயதில் தனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று அவருக்கே தெரியாது.

"ஐயா, என் அறைக்கான அனுமதி ஆணையில கையெழுத்துப் போட்டு, முத்திரை வச்சு எடுத்துட்டு வாங்க" என்றார். "அஞ்சு வருஷத்துக்கு. வாய்மொழி உத்தரவு வேண்டாம்."

ஆணையர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து, மாடியேறிப் போய், கொண்டு வந்தார். மனுக்காரம்மா முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் விளக்கக் கடிதத்தை அடித்தார். பொருள், பார்வை, பணிவு, எதிலும் ஒரு குறை இல்லை.

ஆணையர் அதை இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது.

"ரொம்ப மரியாதையா இருக்கேம்மா. இதைப் படிச்சா நான் அவங்கள நக்கல் பண்றேன்னு நினைச்சுட மாட்டாங்களா?"

"கவலைப்படாதீங்க ஐயா" என்றார் மனுக்காரம்மா. "மேல போற கடுதாசிதானே. யாரு படிக்கப்போறா?"

ஆணையர் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தை ஆராய்ந்தார். அதில் இருபத்திரண்டு வருடத்துப் பணிவு அப்படியே இருந்தது. ஆனால் இந்தத் தடவை அது நக்கல்தான்.