தங்கைக்குச் சொல்லாமல் விட்டது

மூன்று வருடங்களுக்கு முன்பு, மும்பையில் விடாமல் மழை பெய்த ஒரு ஜூலை மாதம். ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டரின் அறையில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும்.

நாங்கள் தாராவிக்காரர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். நானும் தங்கையும் பிறந்ததே இங்கேதான். என்னைவிட நாலு வயது சின்னவளான தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ரேஷன் கடை, பேங்க், அவள் வேலை பார்க்கும் தையல் பட்டறை என்று எங்கே போனாலும் அவளுக்காகப் பேசுவது அக்காவான நான்தான். அவளைக் கேட்டாலும் பதில் என்னிடமிருந்துதான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்களுக்குள் ஒரு வீட்டுச் சைகை இருந்தது. சாப்பிட்டாயா, காய்ச்சலா, சீக்கிரம் வா, அப்பா கோபமாக இருக்கிறார் என்ற அளவுக்கு. ஆனால் பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் அவள் பிடித்துக்கொண்ட சைகை மொழி வேறு. அந்தக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா ஸ்டேஷனில் சேரும். டோம்பிவிலி, முலுண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். இந்தப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்பவரிடம் அரட்டை அடிப்பார்கள். நடுவில் ரயில் வந்து மறைத்தால், அது போகும்வரை பொறுத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கூடப் போனால் நான் ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பேசுவதில் கால்வாசிகூட எனக்குப் புரியாது. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

அந்த வருடம் தங்கையின் வலது மணிக்கட்டில் ஒரு கட்டி வந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர் இந்தியில் விளக்கமாகச் சொன்னார். கட்டி நரம்பை ஒட்டி இருக்கிறது, எடுக்கத்தான் வேண்டும், எடுக்கும்போது நரம்பில் பட்டுவிட்டால் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் பழையபடி அசையாமல் போகலாம் என்றார். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'சின்னக் கட்டி. வெட்டி எடுப்பார்கள். சாயங்காலம் வீடு' என்று மூன்றே சைகையில் முடித்தேன். டாக்டர் அவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா என்று புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான் என்று கையை விரித்தேன்.

அடுத்த வாரம் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடப் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் செம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். சைகை மொழிபெயர்ப்பாளர். தங்கைதான் தோழிகளிடம் வீடியோ காலில் பேசி அவரை வரவழைத்திருக்கிறாள். என்னிடம் மூச்சுவிடவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"நான்தான் இருக்கேன்லா, நீங்க வேற எதுக்கு?" என்றேன் அந்த அம்மாவிடம். அவர் உடனே அதைத் தங்கைக்குச் சைகையில் சொன்னார். தங்கை விடுவிடுவென்று உள்ளே நடந்தாள்.

அந்த அம்மா டாக்டருக்குப் பக்கத்தில், தங்கைக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். இந்த அறையில் யார் எது பேசினாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று இந்தியில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

டாக்டர் ஆரம்பித்தார். நரம்பு என்ற வார்த்தை வந்ததுமே நான் குறுக்கே விழுந்து, அந்த விரல் விஷயம் அவளுக்கு வேண்டாம், பயந்துவிடுவாள், கையெழுத்தை நான் போடுகிறேன் என்று இந்தியில் கிசுகிசுத்தேன். அந்த அம்மாவின் கைகள் நிற்கவே இல்லை. நான் குனிந்து கிசுகிசுத்த விதம்கூட அவர் முகத்தில் வந்தது. எனக்குப் பதறிவிட்டது.

"அம்மா, அதைச் சொல்லிறாதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்" என்று தமிழில் கெஞ்சினேன்.

அதையும் சொன்னார். 'அவளுக்கு ஒன்றும் தெரியாது' என்பதற்கு என்ன சைகை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. டாக்டர் பக்கம் திரும்பிக் கைகளை எடுத்தாள். அவள் சைகை செய்யச் செய்ய, அந்த அம்மா இந்தியில் "நான்" என்றே ஆரம்பித்துப் பேசினார். அந்த "நான்" என் தங்கைதான் என்று உறைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

விரல் அசையாமல் போக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, இப்போது எடுக்காவிட்டால் என்ன ஆகும், எத்தனை நாள் கட்டுப் போடுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்விகள். பிறகு சொன்னாள்: "தையல் வேலை போனா வேற வேலை பாத்துக்குவேன். விரல் போனா நான் எப்படிப் பேசுவேன்? வலது கையில கட்டு இருக்கும், இடது கையில குளுக்கோஸ் ஊசி குத்தி அசைக்காதேன்னு சொல்வீங்க. அப்ப வலிச்சாக்கூட எப்படிச் சொல்ல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதுவரை என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர் முதல்முறையாக அவளைப் பார்த்துப் பேசினார். ஊசியை இடது முழங்கைக்குப் பக்கத்தில் குத்தி, மணிக்கட்டையும் விரல்களையும் விட்டுவிடலாம் என்றார். முழு மயக்கம் வேண்டாம், வலது கையை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம், மொழிபெயர்ப்பாளர் உள்ளேயே நிற்கட்டும் என்றார். நரம்பு ஆபரேஷனில் பழகிய இன்னொரு டாக்டரையும் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, தேதியை இரண்டு வாரம் தள்ளினார். காகிதத்தில் இருந்ததை அந்த அம்மா வரி வரியாகச் சைகையில் சொல்ல, தங்கை தானே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே டீக்கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். எனக்குப் புரியவேண்டும் என்று தங்கை வீட்டுச் சைகையில், மெதுவாகச் சொன்னாள். "போன வாரம் உன் கை சின்னது என்றது. உன் முகம் பெரியது என்றது. சாகப்போகிறேன், அதைத்தான் நீ மறைக்கிறாய் என்று நினைத்தேன். ஒரு வாரமாகத் தூங்கவில்லை."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பைட்டோ தீதி" என்று உட்காரச் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்ததும் இடது கையால் அவள் சொன்ன முதல் வார்த்தை 'பசி'. கட்டைவிரல் நுனியில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது. ஆனால் விரல்கள் அசைகின்றன. தையலுக்கும் போகிறாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒழுங்காக அவர்களிடம் சைகை கற்றுக்கொள்கிறேன். அவர்கள் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. எனக்கு நெற்றியில் இரண்டு விரலை வைத்துச் சுருக்கிக் காட்டுகிறார்கள். எப்போதும் கவலைப்படுபவள் என்று அர்த்தமாம். நான் தப்பும் தவறுமாகச் சைகை செய்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தங்கை இவ்வளவு கேலி பேசுவாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

பயப்படுவதானாலும் துணிவதானாலும் அவளுடைய உடம்பைப் பற்றிய செய்தி முதலில் அவளுக்குச் சொந்தம் என்பதும், பாசம் என்று நினைத்து அதை இத்தனை காலம் நானே வைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் புரிய, எனக்கு முப்பத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது.